கானில் ஓடுகிற உரம்: பூண்டுலோயாத் தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பதிலைத் தபாலில் போடாமல் இங்கேயே எழுதுகிறேன். நீங்கள் கேட்டதை மனதில் வைத்திருக்கும் பிள்ளைகள் தலவாக்கலையிலும் ஹட்டனிலும் இராகலையிலும் இருப்பார்கள். அவர்களும் படிக்கட்டும்.

நீங்கள் எழுதியதை மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். உயர்தரத்தில் உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் படிக்கிறீர்கள். உங்கள் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், விடிய விடிய அடுப்பு எரிகிறது. புகைபோக்கியால் காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. நுண்பாசிக்கு அதுதான் சாப்பாடு. அந்தப் புகையைத் தொட்டிக்குள் விட்டுப் பாசி வளர்த்தால் காற்றில் சேரும் காபன் குறையும், பாசியைக் காயவைத்துத் தூளாக்கி விற்றால் நாலு பேருக்கு வேலையும் கிடைக்கும். இதை ஏன் ஒருவரும் செய்யவில்லை என்று கேட்கிறீர்கள்.

கேள்வியின் அடிப்படை சரி. உலர்ந்த பாசியின் எடையில் ஏறத்தாழப் பாதி காபன். ஒரு கிலோ உலர் பாசி உருவாகக் கிட்டத்தட்ட 1.8 கிலோ காபனீரொட்சைட்டு உள்ளே போக வேண்டும். பச்சை இலை காற்றிலுள்ள காபனை எந்த வழியாகச் சீனியாக்குகிறது என்று உலகம் தெரிந்துகொண்டதே பாசியால்தான். கலிபோர்னியாவில் மெல்வின் கல்வினும் கூட்டாளிகளும் குளோரெல்லா, செனடெஸ்மஸ் என்ற பச்சைப் பாசிகளுக்குக் கதிரியக்கக் காபன் 14 ஊட்டினார்கள். சில விநாடிகள் வெளிச்சத்தில் விட்டுச் சூடான மதுசாரத்தில் கொன்று, காபன் எந்தச் சேர்வைக்குள் போயிருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடினார்கள். அதற்காகக் கல்வினுக்கு 1961இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நீங்கள் பரீட்சைக்குப் பாடமாக்கும் கல்வின் வட்டம் அதுதான்.

இனி உங்கள் ஸ்டோரின் கணக்கைப் போடுவோம். நாளொன்றுக்கு 1,000 கிலோ தேயிலை செய்யும் ஸ்டோர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ இரண்டு கிலோ விறகு என்றால் ஒரு நாளில் 2,000 கிலோ எரிகிறது. ஈரத்தைக் கழித்தால் 1,600 கிலோ காய்ந்த மரம், அதில் பாதி காபன், ஆக 800 கிலோ. காபனீரொட்சைட்டாகப் புகைபோக்கியில் போவது 2,900 கிலோவுக்கு மேல். அத்தனையையும் பாசிக்குள் பிடிக்க நினைத்தால் நாளொன்றுக்கு 1,600 கிலோ உலர் பாசி விளைய வேண்டும். ஸ்டோரில் செய்யும் தேயிலையை விடப் பாசி அதிகமாகிவிடும்!

நன்றாக வெயிலடிக்கும் இடத்தில், நன்றாகப் பராமரிக்கும் ஆழமில்லாத தொட்டியில், ஒரு சதுர மீற்றரில் ஒரு நாளைக்குப் பத்து கிராம் உலர் பாசி கிடைத்தால் அது மோசமில்லாத விளைச்சல். அப்படியே கொண்டாலும் 1,600 கிலோவுக்கு 16 ஹெக்டேயர், அதாவது 40 ஏக்கர், மட்டமான நிலம் வேண்டும். பூண்டுலோயாவில் 40 ஏக்கர் மட்ட நிலத்தை எங்கே தேடுவது? ஆனி, ஆடி மாதங்களில் மலையை மூடிக்கொண்டு நிற்கிற மூடுபனியில் அந்தப் பத்து கிராமும் வராது. இரவில் பாசி காபனை எடுக்காது, மூச்சுவிட்டுக் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். உங்கள் ஸ்டோரோ பெரும்பாலும் இரவில்தான் எரிகிறது.

தண்ணீரைப் பாருங்கள். தொட்டியில் பாசி வளர்ந்து கரும்பச்சையாகத் தெரியும்போதும் ஒரு லீற்றர் தண்ணீரில் இருப்பது அரை கிராம் அளவுதான். 1,600 கிலோ எடுக்க ஒவ்வொரு நாளும் 32 இலட்சம் லீற்றரை வடிகட்ட வேண்டும். குளோரெல்லா போன்ற பாசிகளின் உயிரணு ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. துணியில் ஊற்றினால் தண்ணீரோடு தானும் போய்விடும். சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம் வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும். பிரித்ததைக் காயவைக்க மறுபடியும் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்துக்கு எந்த விறகு?

இதெல்லாம் இருந்தாலும், நான் முக்கியமாகச் சொல்ல வருவது நாலாவது கணக்கு. நிலத்தைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் எல்லோரும் பேசுகிறார்கள். இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பாசி காபனை மட்டும் தின்று வளர்வதில்லை. 1934இல் ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களின் உடலை ஆராய்ந்து ஒரு விகிதத்தை நோக்கி வழிகாட்டினார். இன்று அதை 106 காபன் அணுவுக்கு 16 நைதரசன் அணு, ஒரு பொசுபரசு அணு என்று சொல்கிறோம். எடைக்கு மாற்றினால் 800 கிலோ காபனைப் பாசிக்குள் அடைக்க ஏறத்தாழ 140 கிலோ நைதரசன் வேண்டும். யூரியாவில் 46 வீதம் நைதரசன். அப்படியானால் 300 கிலோ யூரியா. ஒரு நாளைக்கு ஆறு மூட்டை!

2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தபோது மலையில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். கொழுந்து குறைந்தது, நாட்கூலிக் கணக்கான பேர் குறைந்தது, நிறை எடுக்க முடியாமல் அம்மாக்கள் அரைப் பேரோடு திரும்பினார்கள். 2022இல் நாட்டின் தேயிலை உற்பத்தி 25 கோடிக் கிலோ அளவுக்கு இறங்கியது. அதற்கு முந்திய வருடம் ஏறத்தாழ 30 கோடி. அந்த யூரியாவை, நாளொன்றுக்கு ஆறு மூட்டை வீதம், புகைக்குத் தீனியாகப் போடுவது எந்த வகையிலும் நியாயமில்லை. அதோடு யூரியா செய்யவே இயற்கை எரிவாயு எரிகிறது. காபனைப் பிடிப்பதற்காகக் காபனை விட்டுச் செய்த பொருளைக் காசு கொடுத்து வாங்குவோம்.

இன்னொன்றும் உண்டு. விறகின் காபன் நேற்று வரை மரத்தில் இருந்தது. வெட்டிய டர்பன்டைன் மரத்துக்குப் பதிலாக விறகு மலையில் கன்று வைத்து வளர்த்தால் அது காற்றிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும். நட்ட மரத்தைவிட மலிவான காபன் பிடிக்கும் கருவி உங்கள் ஊருக்குக் கிடைக்காது. விறகை வெட்டியவுடன் ஈரத்தோடு அடுப்பில் தள்ளாமல் கூரைக்கடியில் அடுக்கி மாதக்கணக்கில் காயவிட்டாலே எரிவது குறையும். புகைபோக்கியைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் முதலில் விறகுக் கொட்டிலுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பெரிய பணம் வைத்திருந்தவர்களும் இந்தக் கணக்குகளில்தான் முட்டிக்கொண்டார்கள். அமெரிக்க அரசு 1978இல் தொடங்கி 1996 வரை பாசியிலிருந்து டீசல் எடுக்கும் ஆராய்ச்சியை நடத்தியது. ஆயிரக்கணக்கான பாசி வகைகளைச் சேகரித்தார்கள். எண்ணெய் வந்தது, ஆனால் மண்ணிலிருந்து எடுக்கும் எண்ணெயின் விலைக்கு அருகில் வரவில்லை. 2009இல் எக்ஸான்மொபில் கோடிக்கணக்கான டொலரோடு அதே வேலையைத் தொடங்கிப் பல வருடம் விளம்பரமும் செய்தது. 2023இல் விலகிக்கொண்டது. அங்கே விஞ்ஞானம் தோற்றது என்று சொல்ல மாட்டேன். பாசியை அள்ளுவதற்கும் ஊட்டுவதற்கும் ஆகும் செலவு, மலிவான ஒரு பொருளுக்குக் கட்டுப்படியாகவில்லை.

அப்படியானால் பாசி எங்கே கட்டுப்படியானது? அதற்குத் தமிழ்நாட்டுக்குப் போக வேண்டும். மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் எம்.ஓ.பி. ஐயங்கார் காலத்திலிருந்தே பாசியியலுக்குப் பெரிய மரபு உண்டு. ஆனால் பாசியைக் கிராமத்து முற்றத்துக்குக் கொண்டுவந்தவர் என்று நான் மதிப்பது சி.வி. சேஷாத்ரியை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த இரசாயனப் பொறியியலாளர் அவர். சென்னையில் முருகப்ப செட்டியார் ஆராய்ச்சி மையத்தை முன்னின்று நடத்தினார். ஒரு தொழில் எவ்வளவு சக்தியைத் தருகிறது என்று மட்டும் பார்க்காமல், எந்தத் தரமான சக்தியை விழுங்குகிறது என்றும் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தியவர். அவருடைய மையம் ஸ்பைருலினாவை எடுத்துக்கொண்டது. இயந்திரம் இல்லாத சிறிய தொட்டிகளில், கையால் கலக்கி, கிராமத்துப் பெண்கள் வளர்க்கும் முறையை உருவாக்கியது. தமிழ்நாட்டில் பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகள் ஏறத்தாழ 5,000 பேருக்கு நாளொன்றுக்கு ஒரு கிராம் கொடுத்துப் பார்த்தார்கள். உயிர்ச்சத்து ஏ குறைவால் கண்ணின் வெள்ளையில் தோன்றும் திட்டுகள் குறைந்தன. புதுக்கோட்டை மாவட்டத்து ஊனையூரில் பாரி நிறுவனம் ஏக்கர் கணக்கில் ஸ்பைருலினா வளர்த்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறது. ஆரோவில்லிலும் ஒரு சிறிய பண்ணை உண்டு.

மதுரைப் பக்கத்தில் இப்படி ஒரு தொட்டியில் அறுவடையை நின்று பார்த்திருக்கிறேன். ஸ்பைருலினா சுருள் சுருளான இழை, அதனால் துணியில் தங்கும். காலையில் பச்சைத் தண்ணீரை வாளியில் மொண்டு, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய துணியில் ஊற்றினார்கள். தண்ணீர் கீழே தொட்டிக்கே திரும்பிப் போனது, மேலே கரும்பச்சைக் களி நின்றது. அதை நல்ல தண்ணீரில் அலசி, துணியோடு முடிந்து பலகைக்கடியில் கல் வைத்துப் பிழிந்தார்கள். பிறகு இடியப்பம் பிழிவதுபோல் உரலில் போட்டு நூல் நூலாகத் தட்டில் பிழிந்து வெயிலில் வைத்தார்கள். மாலைக்குள் முறுமுறுவென்று காய்ந்து, கையில் நொறுக்கினால் தூளாகிவிட்டது. சாதாரண வெயில், சாதாரணத் துணி, இரண்டு பெண்களின் கவனம். அவ்வளவுதான். அந்தத் தொழில் நிலைத்து நிற்பதற்குக் காரணம் வெயிலும், இழையாக வளர்கிற பாசியும், கிலோவுக்கு நல்ல விலை தரும் சாப்பாட்டுச் சந்தையும். அங்கே காபனை விற்கவில்லை. பாசி பிடித்த காபனும் சாப்பிட்டவர் மூச்சில் திரும்பக் காற்றுக்குப் போகிறது.

ஸ்பைருலினாவை உங்கள் ஊரில் வளர்க்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அதற்குப் பிடித்தது 30 முதல் 37 பாகை வரையான இளஞ்சூட்டுத் தண்ணீர், அப்பச்சோடா போட்டுக் காரமாக்கியது. உங்கள் தொட்டித் தண்ணீர் இரவில் 20 பாகைக்குக் கீழே போகும். மரக்கறிக்குப் போடுகிற பொலித்தீன் கூடாரத்துக்குள் சிறு தொட்டி கட்டி, ஸ்டோரில் வீணாகும் வெப்பத்தைக் குழாயால் கொண்டுவந்து காப்பாற்ற முடியும். அப்படிச் செய்பவரை நான் தடுக்க மாட்டேன். ஆனால் விளம்பரங்களை நம்பி இறங்க வேண்டாம். ஒரு கிராம் ஸ்பைருலினாவில் இருக்கும் புரதம் அரை கிராமுக்குச் சற்று மேல், ஒரு முட்டையில் ஆறு கிராம். அதன் பெறுமதி இரும்பிலும் பீற்றா கரோட்டினிலும் இருக்கிறது. பி12 நிறைய உண்டு என்று புட்டியில் எழுதியிருப்பார்கள். அதில் பெரும்பகுதி நம் உடம்புக்கு உதவாத போலி வடிவம். லயத்துப் பெண்களின் இரத்தச்சோகையை அக்கறையோடு பார்ப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது உங்கள் ஊருக்கு வருகிறேன். உண்மையில் உங்கள் மலையடிவாரத்தில் ஏற்கெனவே பாசி வளர்ப்பு நடந்துகொண்டுதான் இருக்கிறது, வேண்டாத இடத்தில். டன்சினன் நீர்வீழ்ச்சியில் விழுகிற பூண்டுலோயா ஆறு கொத்மலை ஓயாவோடு சேர்ந்து கொத்மலை நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. அணை கட்டி முடிந்தது 1985இல். சில வருடங்களுக்குள், 1991இல், அந்த நீர்த்தேக்கத்தில் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி பொங்கியது. கல்லீரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கக்கூடிய இனம் அது. அதற்குத் தீனி போட்டது யார்? தேயிலை மலைகளிலிருந்தும் உருளைக்கிழங்கு, லீக்ஸ், கரட் தோட்டங்களிலிருந்தும் மழையோடு வழிந்த உரமும் மண்ணும்தான். நுவரெலியா மரக்கறித் தோட்டங்களில் தேவைக்கு மிஞ்சி உரம் போடுவது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஸ்டோரின் புகையைப் பிடிக்க ஆறு மூட்டை யூரியா இல்லையே என்று நிற்கிறோம். அதே நேரம் மேலே போட்ட உரத்தில் ஒரு பங்கு கானில், அதாவது வடிகாலில், ஓடி, கீழே போய் நஞ்சுப் பாசியாக விளைகிறது. பாசி எடுத்துக்கொள்ளும் காபன் எங்கும் காற்றில் இருக்கிறது, அது தட்டுப்பாடான பொருளே இல்லை. தட்டுப்பாடானது நைதரசனும் பொசுபரசும். ஆகவே மலையகத்தில் பாசியை வைக்க வேண்டிய இடம் புகைபோக்கி அல்ல, கான். பாசி அங்கே உரத்தைப் பிடிக்கட்டும். பிடிக்கும்போது காற்றிலிருந்து காபனையும் தானாகவே எடுத்துக்கொள்ளும்.

இதற்குப் பொருத்தமான முறை ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்ட்டர் ஏடி பவளப்பாறைகளில் ஒட்டி வளரும் பாசிகளைப் பார்த்து உருவாக்கியது. சற்றுச் சரிவான ஒரு தளம், அதன்மேல் ஒரு வலை. அழுக்குத் தண்ணீர் மெல்லிய படலமாக அதில் இறங்குகிறது. ஒட்டிக்கொள்ளும் இழைப்பாசிகள் தாமாகவே வந்து வலையில் வளர்கின்றன. வாரத்துக்கு ஒருமுறை சுரண்டி எடுக்கிறார்கள். எடுக்காவிட்டால் பாசி அழுகிப் பிடித்ததையெல்லாம் திரும்ப விட்டுவிடும். செக் நாட்டின் த்ரெபோன் ஆய்வுகூடத்திலும் 1960களிலிருந்து சரிவான தளங்களில் சில மில்லிமீற்றர் தண்ணீரை ஓடவிட்டுப் பாசி வளர்த்திருக்கிறார்கள். உலகத்தில் பாசி வளர்ப்போரெல்லாம் மட்டமான நிலத்தைத் தேடி அலைய, இந்த முறைக்கு வேண்டியது சரிவு. பம்பு வேண்டாம், தண்ணீரைத் துழாவும் சக்கரம் வேண்டாம், சுழற்றிப் பிரிக்கும் இயந்திரமும் வேண்டாம். பீலிக்கரைக் கல்லில் வழுக்குகிற பாசியைத் தேங்காய்த் தும்பால் உரசி எடுத்த கைகளுக்கு இந்த அறுவடையை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

சுரண்டிய பாசியை மாட்டுக்கும் மனிதருக்கும் கொடுக்கக் கூடாது. தாமாக வந்து ஒட்டியவற்றில் எது நஞ்சு என்று கண்ணால் தெரியாது. சாணத்தோடும் கவ்வாத்துக் குப்பையோடும் சேர்த்துக் கூட்டெருவாக்கலாம். கீழே போயிருக்க வேண்டிய நைதரசன் மேலே மரக்கறிப் பாத்திக்குத் திரும்பும். காபனில் ஒரு பங்கு மண்ணில் தங்கும். விற்கத் தூளும் இல்லை, காபன் சான்றிதழும் இல்லை. ஆனால் ஒரு மூட்டை உரத்தின் காசு குடும்பத்துக்கு மிஞ்சினால் அது கண்ணால் பார்க்கக்கூடிய இலாபம்.

தேயிலை மலைக்கு நேர் கீழே இதை வைக்காதீர்கள். கொப்புள நோய் 1946இல் இலங்கைக்கு வந்ததிலிருந்து மழைக்காலத்தில் செம்பு மருந்து அடிக்கிறார்கள். செம்பு பாசியைக் கொல்லும். சாகாமல் தப்பும் பாசி செம்பைத் தன் உடம்பில் சேர்த்துக்கொள்ளும், அந்தக் கூட்டெரு மண்ணைக் கெடுக்கும். மாட்டுப்பட்டியைக் கழுவும் தண்ணீர் போகிற கானும், மரக்கறிப் பாத்திக்குக் கீழுள்ள கானும்தான் நல்ல இடங்கள். தேயிலை மரத்தில் கொப்பைக் காயவைக்கும் செந்துரு நோயும் ஒருவகைப் பச்சைப் பாசியால் வருவதுதான் என்பதால், தோட்டத்தில் உங்கள் திட்டத்தைக் கேட்கும் பெரியவர்கள் பயப்படக்கூடும். அது இலையிலும் தண்டிலும் வாழ்கிற வேறு இனம், தண்ணீரில் ஒட்டி வளரும் இழைப்பாசி செடிக்கு ஏறாது என்று பொறுமையாக விளக்குங்கள்.

செயற்றிட்டமாகச் செய்ய விரும்பினால் சிறிதாகத் தொடங்குங்கள். பழைய தகரக் கூரைத் துண்டு ஒன்று போதும், மேலே பழைய நுளம்பு வலையை விரித்துக் கட்டலாம். அதே அளவில் இன்னொரு தகரத்தை வலையில்லாமல் பக்கத்தில் வையுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க அது இல்லாவிட்டால் உங்கள் முடிவை ஒருவரும் ஏற்க மாட்டார்கள். தண்ணீர் தகரத்தின் முழு அகலத்துக்கும் பரவி இறங்க வேண்டும், ஒரே கோடாக ஓடினால் பாசி பிடிக்காது. சுரண்டியதை ஒவ்வொரு வாரமும் காயவைத்து நிறுத்து எழுதுங்கள். மேலே நுழையும் தண்ணீரிலும் கீழே வெளியேறும் தண்ணீரிலும் நைதரேற்று, பொசுபேற்று இரண்டையும் அளக்க வேண்டும். பாடசாலையில் வசதி இல்லையென்றால் ஆசிரியர் மூலமாகத் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்துக்கோ பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கோ எழுதிக் கேளுங்கள். கண்டி ஹந்தானையிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி ஆராய்பவர்கள் இருக்கிறார்கள், உங்கள் வலையில் என்ன இனம் வந்தது என்று அவர்களிடம் கேட்கலாம்.

வெயில் நாளில் மட்டும் மாதிரி எடுத்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். உரம் போட்ட பிறகு வரும் முதல் பெருமழையில், கான் ஓடத் தொடங்கும் முதல் அரைமணி நேரத் தண்ணீரையும் பிடித்து வையுங்கள். கானில் வழியும் உரத்தில் கணிசமான பங்கு அதோடு போகக்கூடும். அந்த வேகத்தில் வலையில் பாசி நிற்கிறதா, அடித்துக்கொண்டு போகிறதா என்பது தெரிந்த பிறகே பெரிய தளம் கட்டுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்